அப்பாயியின் தகரப்பெட்டி: எரிப்பதா, எழுதுவதா?

வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் இந்தப் பகுதியில் இந்த முறை ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது பக்கம், முழுக்கக் கையெழுத்தில் எழுதியது. அனுப்பியவர் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஆசிரியையாக இருக்கும் 33 வயதுப் பெண். பெயர், தோட்டம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. இவருடைய அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, போன ஐப்பசியில் காலமானார். வீட்டுக் கணக்கில் 93 வயது, மரணச் சான்றிதழில் 88. தமிழ்நாட்டில் துறையூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1936இல் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு மண்டபம் முகாம் வழியாக வந்து தலைமன்னாரில் இறங்கியவர். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு வயதில் முதுகில் ஏறிய தேயிலைக் கொழுந்துக்கூடை 1986 வரை இறங்கவில்லை. 1967இல் தாத்தா மலையில் மரம் விழுந்து இறந்தபோது வீட்டில் ஆறு பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது. ஆறு பேரையும் தனியாளாக வளர்த்தார். மூத்த மகனை, அதாவது கடிதம் எழுதியவரின் அப்பாவை, பெரிய வகுப்புப் படிக்கவைக்கக் காதுத்தோட்டை விற்றார். லயம் என்ற வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) தாயில்லாமல் போன இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் அடுப்பில்தான் ரொட்டி வெந்தது. லயத்தில் கல்யாணமோ கருமாதியோ அப்பாயியைக் கேட்காமல் நாள் குறித்ததில்லை.

அடுப்புக்கு மேலே பரணில் அவர் ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். சாவுக்குப் பிறகு திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கக் காகிதம். பழைய அரிசிக் கூப்பன் புத்தகங்கள், சம்பளத் துண்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், 1950களில் ஆங்கிலத்தில் வந்த ஒரு நிராகரிப்புக் கடிதம், 1988ஆம் ஆண்டின் சத்தியக் கடதாசி, 1973இல் இந்தியா போய்விட்ட தங்கை கோத்தகிரியிலிருந்து போட்ட கடிதங்கள். ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு நிறச் சீலைத் துணியில் முடிந்திருந்தது.

வருஷத் திதிக்கு நினைவு மலர் ஒன்று போட வேண்டும் என்று இவருக்கு ஆசை. கடைசி மகனான சித்தப்பாவோ, “இதெல்லாம் கள்ளத்தோணிக் காகிதம், நாளைக்கு யாராவது பார்த்தா பிள்ளைகளோட பாஸ்போட்டுக்கே வினையாகும், எரிச்சிரு” என்கிறார். மலரில் “இந்தியாவிலிருந்து வந்தார்” என்றும் வரக்கூடாதாம், “கொழுந்து பறித்தார்” என்றும் வரக்கூடாதாம். “மஸ்கெலியாவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட” என்று போட்டால் போதும் என்கிறார். அந்தக் காகிதங்களால் உண்மையில் ஆபத்து உண்டா, எரிப்பதைத் தடுக்கப் பேத்திக்கு உரிமை இருக்கிறதா, எந்தப் பெயரும் வயதும் போடுவது, காம்பராவும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணமும் என்னாகும் என்பவை கேள்விகள். கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், சட்டத்தைவிட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஊர் எது என்று கேட்டவர்களிடம் “ஹட்டன் டவுன்” என்று சொன்னீர்கள். அப்பாயி பஸ் மாறி மாறிப் பார்க்க வந்தபோது விடுதிக்குள் கூட்டிப் போகாமல் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டீர்கள். அவர் முடிந்து கொண்டுவந்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் கூட்டாளிகளுக்குக் காட்டாமல் சாப்பிட்டீர்கள். நானும் லயத்துப் பிள்ளைதான். சட்டக் கல்லூரியில் விலாசம் எழுதும்போது தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நகரத்தின் பெயரை மட்டும் எழுதியவள். அதனால் சொல்கிறேன், அப்பாயிக்கு அது தெரிந்துதான் இருக்கும். ஆனால் அடுத்த மாதமும் அவர் வந்தார் என்று அதே பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கடுத்த மாதமும் வந்தாராம். அந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

சரி, இனி பெட்டிக்கு வருவோம்.

அப்பாயி கள்ளத்தோணியில் வரவில்லை

உங்கள் சித்தப்பா சொல்வது மட்டுமில்லை, நீங்களும் ஓரிடத்தில் “அப்பாயி எப்படியோ பதிவில்லாமல் வந்திருக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. 1936இல் மண்டபம் வழியாக வந்தவர்கள் சட்டப்படி, இரண்டு பக்க அரசாங்கங்களும் அறிய, ஆள் தேவை என்று கூப்பிடப்பட்டு வந்தவர்கள். மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். அங்கே நாட்கணக்கில் தங்கவைத்து, வைத்தியர் பார்த்து, ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்தியது 1939 ஆகஸ்ட்டில், அப்பாயி வந்து மூன்று வருஷம் கழித்து.

பிறகு நடந்ததுதான் அநியாயம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. பிறப்புப் பதிவுகூட ஒழுங்காக இல்லாத லயத்தில் யாரால் காட்ட முடியும்? 1949இல் இன்னொரு சட்டம் வந்தது, இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேதான் இருந்தாய் என்று நிரூபித்தால் பதிந்துகொள்ளலாம் என்று. எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். உங்கள் பெட்டியில் இருக்கும் அந்த ஆங்கிலக் கடிதம் மீதிப் பேருக்கு வந்த கடிதம். “தொடர்ச்சியான வதிவிடம் நிரூபிக்கப்படவில்லை” என்று அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வதிவிடத்துக்குச் சாட்சி இல்லை என்று அவர்கள் எழுதி அனுப்பினார்கள், அன்றிலிருந்து இந்த மனுஷி ஒரு கூப்பன் புத்தகத்தைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. “எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவி” என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கத் தெரியாத ஒருவர் நீலத் துணியில் கூப்பன், சிவப்பில் பிறப்புச் சான்றிதழ், மஞ்சளில் தங்கையின் கடிதம் என்று பிரித்துக் கட்டி, மலைநாட்டு ஈரம் ஏறாமல் அடுப்புப் புகை படும் பரணில் எழுபது வருஷம் பாதுகாத்திருக்கிறார். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ கோப்புகள் தொலைந்ததைப் பார்த்தவள் நான். இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் அதையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அப்பாயியின் தங்கை அந்தப் பக்கம் போனார், அப்பாயி இந்தப் பக்கம் நின்றார். “உங்க தாத்தாவப் பொதைச்ச மண்ண விட்டுட்டு எங்க போறது” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மலரின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க வந்த சட்டம்தான் அவருக்குக் கைகொடுத்தது, அந்தச் சத்தியக் கடதாசி அந்தச் சட்டத்தின் கீழ் எழுதியது. அதற்குப் பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகளும் இந்நாட்டுப் பிரஜைகள் என்று அது சொல்கிறது. அந்த வருஷக் கடைசியில் நடந்த பதிவு முகாம்களில் நானும் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன், கைநாட்டு வைத்துவிட்டு மையைத் துடைக்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் இன்னும் கண்ணில் நிற்கிறார்கள். ஆகவே சித்தப்பாவின் முதல் பயத்துக்கு நேரான பதில் இது: அந்தப் பெட்டியில் இருக்கும் எந்தக் காகிதமும் உங்கள் யாருடைய பிரஜாவுரிமையையும் அசைக்காது. மாறாக, நாளைக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டால் 1964க்கு முன்னிருந்தே நாங்கள் இங்கே இருந்தோம் என்பதற்கு அந்தக் கூப்பன் புத்தகங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எரித்தால்தான் நஷ்டம்.

பெட்டி யாருக்குச் சொந்தம்

“நான் பேத்திதானே, எனக்கு என்ன உரிமை” என்று கேட்கிறீர்கள். இதுவும் பிழை. அப்பாயி உயில் எழுதவில்லை, தாத்தாவும் இல்லை. அப்படியானால் அவருடைய அசையும் பொருட்கள் ஆறு பிள்ளைகளுக்கும் சம பங்கு. உங்கள் அப்பா முன்னமே இறந்துவிட்டதால் அவர் பங்கு உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் வருகிறது. ஒரு தகரப்பெட்டிக்கு என்ன பங்கு என்று தோன்றலாம், ஆனால் சட்டம் காகிதத்தையும் பொருளாகத்தான் பார்க்கிறது. சித்தப்பா தனியாக முடிவெடுத்து எரிக்க முடியாது. அதே சமயம் நீங்களும் தனியாக முடிவெடுத்து எல்லாவற்றையும் அச்சில் போட முடியாது.

இதற்காக நோட்டீஸ் அனுப்பச் சொல்லவில்லை. அனுப்பினால் பெட்டி உங்களிடம் வரும், சித்தப்பா திதிக்கு வரமாட்டார். முதல் வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் வெளிச்சமான இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வைத்து ஃபோனில் தெளிவாகப் படம் எடுங்கள், இரண்டு பக்கமும். லேமினேட் செய்யாதீர்கள், பழைய தாள் உள்ளேயே கெட்டுப்போகும், பிறகு பிரிக்கவும் முடியாது. எந்தத் துணியில் எது இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள், துணியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று சித்தப்பாவிடம். குடும்பம் சம்மதித்தால் நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்து லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, ஒரு தடவை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

சித்தப்பாவின் பயத்தைப் பிடிவாதம் என்று நினைக்கிறீர்கள். அவருக்கு 1973இல் பதினொரு வயது. அவருடைய சின்னம்மா, அதாவது அப்பாயியின் தங்கை, குடும்பத்தோடு இந்தியா போன அன்று ஹட்டன் ஸ்டேசனில் அவரும் நின்றிருப்பார். கோச்சி நகர்ந்ததும் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்ததைப் பார்த்த பிள்ளைகள் அதை மறக்கவில்லை, என்னிடம் வரும் அந்த வயது ஆட்கள் யாரைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தைத்தான் சொல்கிறார்கள். 1973, 74 பஞ்சக் காலம் வேறு. ’77, ’81, ’83 இனக்கலவரம் எல்லாம் வரிசையாக வந்தது. ஒரு துண்டுத் தாளால் குடும்பமே இரண்டாகப் பிரிந்ததைக் கண்ணால் பார்த்தவருக்குக் காகிதம் என்றாலே பயம் வருவதில் என்ன ஆச்சரியம்? ஆகவே சட்டத்தில் தொடங்காதீர்கள். “சித்தப்பா, அன்னைக்கு ஸ்டேசன்ல என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நீங்கள் அடிக்கோடிட்ட அந்த ஒரு தாள்

“இதைப் பிரசுரிக்க வேண்டாம்” என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன தாள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: அதில் இருப்பது அப்பாயியின் கதை மட்டுமில்லை, உயிரோடு இருக்கும் ஒருவரின் கதையும்கூட. அதை மலரில் போடாமல் விட்டால் அப்பாயியைப் பற்றி பொய் சொன்னதாகாது. மற்ற தாள்களுக்கு நான் சொன்ன பங்குக் கணக்கு இதற்குப் பொருந்தாது. அந்த ஆளிடம் தனியாக, யாரும் இல்லாத நேரத்தில், அந்தத் துணியோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். இரண்டாவதானால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும், அவசரமாகக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பாதீர்கள். நீங்கள் எடுத்த படத்தையும் அழித்துவிடுங்கள்.

மலரில் என்ன எழுதுவது

நினைவு மலர் நீதிமன்றத்துக்குப் போகும் ஆவணம் இல்லை, ஆகவே மரணச் சான்றிதழில் இருக்கும் பெயரையும் வயதையும்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அவர் பெயர் பெட்டிக்குள் மூன்று விதமாக இருக்கிறது என்கிறீர்கள். தமிழ் தெரியாத எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதியது அது, எல்லா வீட்டிலும் இருக்கிறது. லயத்தில் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரைப் போடுங்கள். சான்றிதழைத் திருத்துவது தனி வேலை, பணம் ஏதாவது வரவேண்டியிருந்தால் மட்டும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

“பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்” என்ற வரியில் துறையூர்ப் பக்கத்து ஊரின் பெயரைப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதற்குச் சித்தப்பா சம்மதிக்க நாளாகலாம். கொழுந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாற்பத்து மூன்று வருஷம் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனவர், மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறியவர், அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டுவிடுவார்கள் என்று காய்ச்சலோடும் றாத்தல் கணக்கை நிரப்பியவர். அதை எடுத்துவிட்டால் மலரில் எழுத என்ன மிச்சம் இருக்கும்? சம்பளத் துண்டுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். 1984 வரை தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி, அந்த வருஷத்துப் போராட்டத்துக்குப் பிறகுதான் சமமானது. 1983ஆம் ஆண்டுத் துண்டும் 1985ஆம் ஆண்டுத் துண்டும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள். உங்கள் அப்பா படித்து முடித்ததெல்லாம் அந்தக் குறைந்த கூலியில் என்பது உங்கள் பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரியும்.

இன்னொன்று, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோனது. ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் அப்பாயி விடியமுன் குளித்து, மடித்து வைத்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நிற்பார் என்றும், நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள் என்றும். தங்கச்சி, 1952இல் நாடு வோட்டுப் போட்டபோது அவருக்கு 21 வயது, வோட்டுப் போடும் வயது. அதற்குள் தோட்டத்துச் சனத்தின் வோட்டு பறிபோயிருந்தது. 1988க்குப் பிறகு முதல் தடவையாக விரலில் மை வைத்தபோது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அந்தச் சேலையின் படம் இருந்தால் மலரில் ஒரு முழுப் பக்கம் அதற்கே கொடுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் சான்றிதழ், யாருடைய அடையாள அட்டை இலக்கம், கோத்தகிரி முகவரி, இவற்றை மட்டும் அச்சில் போடாதீர்கள்.

மீதிக் கேள்விகள் சின்னவை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அப்பாயியின் சொத்து இல்லை, அதனால் அதைப் பங்கு பிரிக்கவும் முடியாது, “நான்தான் வாரிசு” என்று விற்கவும் முடியாது. இப்போது அங்கே குடியிருப்பவர் பெயரை நிர்வாகத்திடம் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஈபிஎஃப் அவர் 1986இல் எடுத்திருக்கக்கூடும், ஆனால் இரண்டு பெயரில் இரண்டு கணக்கு இருந்து ஒன்றை மட்டும் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே ஈபிஎஃப் அங்கத்தவருக்குக் கொடுக்கும் பி கார்டுகள், பழையவை இருந்தால், அவற்றோடு தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒருதரம் கேளுங்கள். சேவைக்காலப் பணம் கிடைத்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கல்லறை கட்ட நினைக்கும் இடம் தோட்டத்து நிலம், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நிர்வாகத்தின் அனுமதியைக் கடிதமாக வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை போதாது.

மலரை அச்சுக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். மஞ்சள் துணியில் இருந்த கடிதங்களில் கடைசியாக வந்தது 2011இல் என்று எழுதியிருக்கிறீர்கள். நீலகிரிக்குப் போன நம் சனங்கள் நிறையப் பேர் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார்கள், பிள்ளைகள் இடம் மாறியிருந்தாலும் அக்கம்பக்கத்தில் “சிலோன்காரங்க” என்று கேட்டால் யாராவது சொல்வார்கள். அப்பாயியின் தங்கையான சின்ன அப்பாயி இருந்தால் எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார், அக்கா இறந்த செய்தியே அவருக்குப் போயிருக்காது. இன்றைக்கே அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள், உங்கள் ஃபோன் இலக்கத்தையும் எழுதுங்கள்.